ஒரு முறை ஆடிய நிலம் மறுபடி ஆடுமா?

கேள்வி: பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்து போய்விட்டால் பூமிக்குள் தேங்கியிருந்த அழுத்தம் தீர்ந்துவிடும், அந்தப் பக்கம் இனி நூறு வருடத்துக்குக் கவலையே இல்லை என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்பு அந்த வட்டாரம் அடிக்கடி ஆடிக்கொண்டிருந்தது, அப்புறம் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் அமைதி. உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு நிலநடுக்கத்தில் நகர்வது பிளவின், அதாவது இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் நீண்ட வெடிப்பின், ஒரு துண்டு மட்டுமே. அந்தத் துண்டின் இரண்டு முனைகளுக்கும் அப்பால், இன்னும் நகராமல் இறுகிக் கிடக்கும் பாறை மேல் கூடுதல் பாரம் ஏறிவிடும். அது ஏற்கெனவே உடையும் நிலையில் இருந்தால்?

துருக்கியைப் பாருங்கள். வடக்கு அனடோலியப் பிளவில் 1939-ல் எர்சின்ஜானில் 7.8 அளவில் ஆடியது. பிறகு 1942, 1943, 1944 என்று படிப்படியாக மேற்கே நகர்ந்து, 1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித்துக்கு வந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மூன்றே மாதத்தில், நவம்பர் 12 அன்று, அதற்குக் கிழக்கே ஒட்டியிருந்த டூஸ்ஜேயில் 7.2. மேற்கு முனையில் இருப்பது மர்மரா கடல், இஸ்தான்புலுக்குப் பக்கத்தில். அங்கே கடைசியாகப் பெரிதாக ஆடியது 1766-ல் என்பதால்தான் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு கவலை.

2023 பிப்ரவரி 6-ல் அதே நாட்டின் தென்கிழக்கில் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 7.8 வந்து ஒன்பது மணி நேரத்தில், பக்கத்துப் பிளவு ஒன்றில் 7.5!

சரி, அந்த நூறு வருடக் கணக்கு? கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டி, மண் அடுக்குகள் எங்கெங்கே வெட்டுப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் பழைய நிலநடுக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். பேலட் கிரீக் என்ற இடத்தில் அவை சீராக வரவே இல்லை: நூறு ஆண்டுக்குள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வரும், பிறகு இருநூறு, முந்நூறு ஆண்டு ஒன்றுமே இருக்காது. அதே பிளவில் பார்க்ஃபீல்டு என்ற ஊரில் சுமார் 22 ஆண்டுக்கு ஒரு முறை ஆடுகிறது என்று கணக்குப் போட்டு, 1993-க்குள் அடுத்தது வரும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004-ல்.