என் மகள் பென்சில்வேனியாவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், ஆசிரியராக விரும்புகிறாள். மாணவ ஆசிரியர்களுக்கு விருதோ உதவித்தொகையோ கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பரிசுகளை ஒரு கணக்காகவும் உதவிகளை வேறொரு கணக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதே மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்பறைக்கு மாணவ ஆசிரியர்கள் பயிற்சிக்கு வருவதுண்டு. சிறந்த மாணவ ஆசிரியருக்கென்று பல கல்லூரிகள் இறுதியாண்டில் ஒரு பரிசு தருகின்றன. பெரும்பாலும் முன்னாள் பேராசிரியர் ஒருவரின் பெயரில் அமைந்த அறக்கட்டளைப் பரிசாக அது இருக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத அது நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு வருவதால், பணம் தேவைப்படும் பருவத்தில் அது உதவாது.

அந்தப் பருவம்தான் கடினமானது. இங்கே ஆசிரியர் உரிமம் பெற, குறைந்தது 12 வாரம் முழு நேரமும் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே, சம்பளம் இல்லாமல், காலை ஏழரை மணிக்கு முன்பே பள்ளியில் நிற்க வேண்டும். மாலையில் காபிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் விடைத்தாள் திருத்தி, மறுநாள் பாடத்திட்டத்தையும் எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இவை போதாதென்று காவல்துறைச் சான்று, குழந்தைப் பாதுகாப்புச் சான்று, எஃப்.பி.ஐ. கைரேகைச் சோதனை, உரிமத் தேர்வு, சொந்தமாக ஒரு கார் என்று செலவு நீளும். ஆகவே, அந்த வாரங்களில் கையில் பணமாக எது வரும் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பென்சில்வேனியாவில் இதற்கென்றே 2023 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தின் மாணவர் உதவி நிறுவனமான பீயா (PHEAA) நடத்தும் திட்டத்தில் மாணவ ஆசிரியருக்கு 10,000 டாலர் வரை உண்டு. ஆசிரியர் கிடைக்காமல் திணறும் பள்ளியில் பயிற்சி பெற்றால் மேலும் 5,000 டாலர். பதிலுக்கு, உரிமம் பெற்ற பின் இதே மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் கற்பிக்க வேண்டும். அந்த நிபந்தனை எனக்கு நியாயமாகவே படுகிறது. சிக்கல் வேறு: முதல் சுற்றிலேயே ஒதுக்கிய நிதியை விட விண்ணப்பங்கள் மிக அதிகமாக வந்துவிட்டன. கல்லூரியின் கல்வித் துறை அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி, விண்ணப்பம் திறக்கும் நாளன்றே மகள் அனுப்பிவிடட்டும்.

கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, ஆசிரியராகப் போகிறவர்களுக்குத் தரும் டீச் (TEACH) மானியத்தைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை என்ற எண்ணைப் பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போட வேண்டாம். படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள், வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடத்தை நான்கு ஆண்டுகள் முழுநேரமாகக் கற்பிக்க வேண்டும். தவறினால் முழு மானியமும், பெற்ற நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்பட்டு, கடனாக மாறிவிடும். ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய படிவம் தாமதமானது என்பதற்காகவே பல ஆசிரியர்களின் மானியம் கடனாகி, பெரும் எதிர்ப்பு எழுந்த பிறகு 2018 இறுதியில்தான் கூட்டரசின் கல்வித் துறை திருத்தம் செய்ய முன்வந்தது. விதிகள் இப்போது தளர்ந்துள்ளன என்றாலும், உங்கள் மகளின் பாடம் வரலாறு என்பதால், அது பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் இதைத் தொட வேண்டாம். சிறிய கல்லூரிகள் பல இத்திட்டத்தில் சேரவே இல்லை. கணிதமோ அறிவியலோ படிப்பவர்களுக்கென்று ராபர்ட் நோய்ஸ் உதவித்தொகை தனியாக இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தாது.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: டீச் மானியம் போன்ற கூட்டரசு உதவிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மகள் எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருந்தால் அந்த வழி அடைபட்டது. அப்போது கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து ஏதாவது தருமா என்று கேளுங்கள்.

கல்லூரியிடம் கேட்கும்போது "உதவித்தொகை உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். பள்ளிக்குப் போய்வரும் செலவை யார் ஏற்கிறார்கள், தேர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, பட்டம் பெற்ற பின் பயிற்சிக்காக மட்டும் ஒரு பருவம் திரும்பி வர முடியுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் எட்டுப் பருவப் படிப்புக்குப் பின் ஒன்பதாம் பருவம் என்று அப்படியோர் ஏற்பாடு இருக்கிறது. மகளின் கல்லூரியிலும் இருந்தால், அந்தப் பருவத்துக்குக் கட்டணம் எவ்வளவு குறையும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.