பூக்களுக்கு முன்பே வந்த உறிஞ்சுகுழல்: கேள்வி பதில்

டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் மூன்றும் சேர்ந்ததுதான் மீசோசோயிக் காலம். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. அக்காலப் பூச்சிகள், தாவரங்கள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: சார், பூக்கள் வந்த பிறகுதான் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாம் வந்தன என்று படித்திருக்கிறேன். சரியா?

அப்படித்தான் நாங்களும் படித்தோம். புதைபடிவங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. ஜெர்மனியில் துளையிட்டு எடுத்த சுமார் 20 கோடி ஆண்டுப் பழைய படிவுகளில் அந்துப்பூச்சி இறக்கைச் செதில்கள் கிடைத்தன. 2018-ல் ஆய்வு வெளிவந்தது. சில செதில்கள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. இன்று அத்தகைய செதில்கள் உறிஞ்சுகுழல் உள்ள கூட்டத்தில்தான் இருக்கின்றன. பூக்கும் தாவரங்களின் உறுதியான தடயங்களோ ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்குகின்றன. இடையில் எவ்வளவு காலம் என்று பாருங்கள்!

கேள்வி: பூவே இல்லாத உலகில் அந்தக் குழலை வைத்து எதைக் குடித்தன?

நல்ல கேள்வி. பூக்காத விதைத் தாவரங்கள் பலவற்றில் சூலின் நுனியில் ஒரு துளி திரவம் கசியும். மகரந்தத்தைப் பிடித்து உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. அதில் சர்க்கரையும் உண்டு. சீனாவின் ஜுராசிக், கிரெட்டேசியஸ் பாறைகளில் நீண்ட குழல் வாய் கொண்ட தேள் ஈக்கள் கிடைத்திருக்கின்றன. அவை இந்தத் துளியைத்தான் குடித்திருக்க வேண்டும் என்று 2009-ல் ஒரு குழு விளக்கியது.

அதைவிட என்னை வியக்க வைப்பவை கல்லிகிராமட்டிட் என்ற பூச்சிகள். அகன்ற இறக்கை, அதில் கண் போன்ற புள்ளிகள், நீண்ட உறிஞ்சுகுழல். படத்தைக் காட்டினால் யாரும் வண்ணத்துப்பூச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவை நம்மூர் மணலில் குழி பறிக்கும் குழியானையின் உறவு! உண்மையான வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெகுகாலம் முன்பே, வேறொரு வம்சம் அதே வடிவத்தை எட்டியிருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில், பூக்கும் தாவரங்கள் பரவியபோது அவை மறைந்துபோயின. பழகிய தாவரங்கள் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

கேள்வி: மகரந்தம் சுமந்தன என்பதற்கு நேரடி ஆதாரம் உண்டா, ஊகம்தானா?

உண்டு, அம்பரில். அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில். ஸ்பெயினின் ஆலவா பகுதி அம்பரில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைப்பேன்கள் மேலெல்லாம் மகரந்தம் ஒட்டியபடி சிக்கியிருக்கின்றன. இன்று மிளகாய்ச் செடியைப் பாழாக்குகிறதே, அந்தப் பேனின் பழைய உறவுதான். அது பூவின் மகரந்தம் அல்ல, பூக்காத தாவரத்தினுடையது. மகரந்தத்தைப் பிடித்துக்கொள்ள ஏற்ற விசேஷ ரோமங்களும் உடலில் இருந்தன.

அப்புறம் மியான்மரின் கச்சின் அம்பர், வயது 9.9 கோடி ஆண்டு. அதில் ஒரு வண்டு, பனை போலத் தோன்றும் பூக்காத தாவரமான சைகஸ் வகையின் மகரந்தத்தோடு கிடைத்தது. இன்னொரு வண்டின் உடலிலும் அருகிலும் பூக்கும் தாவரத்தின் மகரந்தத் துகள்கள் 62 இருந்தன. பழைய கூட்டும் புதிய கூட்டும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. பூக்கள் மகரந்தச் சேர்க்கையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்த சந்தையில் கடை போட்டன.

கேள்வி: அம்பர் கொசுவிலிருந்து டைனோசர் டிஎன்ஏ எடுக்க முடியுமா?

முடியாது. டிஎன்ஏ அவ்வளவு காலம் தாங்காது.

கேள்வி: இணையத்தில் பர்மா அம்பர் விற்கிறார்கள், பூச்சியோடு. என் மகளுக்கு வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கச்சினில் நீண்ட காலமாக உள்நாட்டுப் போர் நடக்கிறது. 2017-ல் ராணுவம் அம்பர் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. அந்த வியாபாரப் பணம் சண்டைக்குப் போகிறது என்பதால், தொல்லுயிரியலாளர்களிலேயே பலர் புதிய மாதிரிகளைத் தொடுவதில்லை. போலிகளும் நிறைய.

கேள்வி: டைனோசர்கள் அழிந்தபோது பூச்சிகள் தப்பித்துவிட்டனவா?

பூச்சிக் குடும்பங்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் இலைகள் கொஞ்சம் சோகமான கதை சொல்கின்றன. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 6.6 கோடி ஆண்டு எல்லைக்கு முன்னும் பின்னும் உள்ள இலைப் படிவங்களில் கடித்த, துளைத்த, சுரங்கமிட்ட தடங்களை ஒப்பிட்டார்கள். குறிப்பிட்ட தாவரத்தை மட்டுமே நம்பியிருந்த பூச்சிகளின் தடங்கள்தான் அதிகம் காணாமல் போயின. கண்டதையும் தின்றவை சமாளித்துக்கொண்டன. பூச்சியின் உடலே கிடைக்காத இடத்திலும் அது தின்ற இலை சாட்சியாக நிற்கிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் அந்தக் காலத் தாவரம் எதையாவது பார்க்க முடியுமா?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போங்கள். 18 மீட்டருக்கு மேல் நீளமான அடிமரம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழையது. பூக்காத கூம்புத் தாவர வகை. திருவக்கரை கல்மரங்களையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அவை மீசோசோயிக் காலம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு வந்தவை. இரண்டையும் பார்க்கலாம், வயதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது.