எலுமிச்சம்பழம் உருளட்டும்: கேமரா கேள்வி பதில்

கேள்வி (தென்காசி வாசகி): அண்ணன் கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் வீட்டில் சும்மா கிடக்கிறது. பத்து வயது மகனோடு சேர்ந்து களிமண் பொம்மை வைத்து ஸ்டாப் மோஷன் (பொருளைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்து வரிசையாக ஓட்டும் படம்) எடுக்க ஆசை. முதலில் என்ன வாங்க வேண்டும்?

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள். ட்ரைபாட் மட்டும் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் கேளுங்கள். களிமண்கூட இப்போதைக்கு வேண்டாம், பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண் நம் ஊர் வெக்கையில் கொஞ்ச நேரத்தில் இளகி, பொம்மை கால் மடங்கி உட்கார்ந்துவிடும். முதல் படத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும், மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருளட்டும். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் 5 நொடிக்கு 60 கிளிக். கிளம்பும்போதும் நிற்கும்போதும் துளித் துளியாக நகர்த்தி நடுவில் தாராளமாக நகர்த்துங்கள், பழத்துக்கு எடை வந்துவிடும். ஒரே அளவாக நகர்த்தினால் யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரிதான் இருக்கும்.

கேமராவை மட்டும் சொந்தமாக யோசிக்க விடக்கூடாது. டயலை எம்-மில் (மேனுவல்) வையுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எதுவும் ஆட்டோவில் இருக்க வேண்டாம், ஃபோகஸை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், லென்ஸில் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் அதையும் அணையுங்கள். சின்ன அளவு ஜேபெக் போதும். முழு எச்டி வீடியோவுக்கு ஒரு ஃப்ரேமுக்கு 20 லட்சம் பிக்சல்தான் வேண்டும். ட்ரைபாட் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டு, 2 செகண்ட் டைமரில் எடுங்கள். அப்புறம், ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை.

கேள்வி (கோவை வாசகர்): எல்லாவற்றையும் மேனுவலில்தான் வைத்தேன். ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் படம் மினுக் மினுக்கென்று துடிக்கிறது. கேமரா கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. முதலில் ஜன்னலை மூடுங்கள், ஒரு மேகம் கடந்தாலே போச்சு. அடுத்து உங்கள் சட்டையைப் பாருங்கள். நான் ஒருமுறை வெள்ளைச் சட்டையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எடுத்தேன், ஓட்டிப் பார்த்தால் பொம்மையின் ஒரு கன்னம் மட்டும் மூச்சு விடுகிறது! நான் குனியும்போதும் நிமிரும்போதும் சட்டையில் பட்ட வெளிச்சம் அதன் முகத்தில் தெறித்திருக்கிறது. இப்போதெல்லாம் கறுப்பு டி-ஷர்ட்தான். எல்ஈடி விளக்கென்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/25 நொடி அல்லது அதைவிட மெதுவாக வைத்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் துடித்தால் குற்றவாளி லென்ஸ். வ்யூஃபைண்டரில் நன்றாகத் தெரிய வேண்டுமென்று டிஎஸ்எல்ஆர் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும். கிளிக் செய்யும்போதுதான் நீங்கள் வைத்த அளவுக்கு, எஃப்/8 என்றால் அந்த அளவுக்கு, சுருங்கி, மறுபடி விரியும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை முன்னே பின்னே நிற்கும். ஒற்றை ஃபோட்டோவில் யாருக்கும் தெரியாது, நூறை வரிசையாக ஓட்டினால் தெரிந்துவிடும். அதனால்தான் பலர் துவார வளையத்தைக் கையால் திருகும் பழைய லென்ஸைத் தேடுகிறார்கள். 2005-இல் வந்த ‘கார்ப்ஸ் பிரைட்’ என்ற ஸ்டாப் மோஷன் படத்தைக் கேனான் 1டி மார்க் 2 கேமராவில் நிக்கான் லென்ஸ் மாட்டித்தான் எடுத்தார்கள். நிக்கானின் பழைய மேனுவல் லென்ஸை ஒரு அடாப்டர் வளையம் போட்டு நீங்களும் கேனானில் மாட்டலாம். செலவே வேண்டாமென்றால், துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்தே எடுங்கள், சுருங்குகிற வேலையே இல்லை. ஆனால் பின்னணி மங்கும், பொம்மை ஓரடி முன்னால் வந்தாலே ஃபோகஸ் போய்விடும்.

கேள்வி (மதுரை வாசகி): இத்தனை கிளிக் செய்தால் ஷட்டர் தேய்ந்துவிடாதா? மொபைலிலேயே எடுக்கலாமா?

பதில்: தேயும்தான். ஒரு நிமிடப் படத்துக்கு 720 கிளிக், சோதனைக்கு எடுப்பதையும் சேர்த்தால் ஆயிரம் என்று வையுங்கள். பல கேமராக்களின் ஷட்டரை 1 லட்சம் கிளிக் வரை சோதித்துத்தான் விற்கிறார்கள், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மொபைலில் தாராளமாக எடுக்கலாம், முந்தைய ஃப்ரேமை நிழல்போலக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன, அது பெரிய வசதி. ஒரே ஒரு விஷயம்: நடுவில் ஃபோன் வந்தால் அதிர்ந்து இடம் மாறிவிடும், ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.