குறைவாக ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விலைக்கு அப்பால் வரும் செலவுகள்

பெல்லந்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் ஐந்து ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் 2004ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை 11 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள், மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட அந்த மேனுவல் கியர் கார் 28,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கிறது, வாங்கலாமா, மேற்கொண்டு என்னென்ன செலவுகள் வரும் என்று பெங்களூரு அல்சூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாசகர் எந்த அம்சத்தைப் பெரிய பலமாகக் கருதுகிறாரோ, அதாவது குறைந்த கிலோமீட்டரை, நான் முதல் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். இந்தக் காரைப் பொறுத்தவரை, நன்றாகப் பராமரித்து 80,000 கிலோமீட்டர் ஓட்டிய ஒன்று, கவனிப்பாரின்றி நின்ற 28,000 கிலோமீட்டர் காரைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும்.

காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து பாக்ஸ்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின்களுக்குக் கொண்டுசெல்ல ஓர் இடைநிலை ஷாஃப்ட் உண்டு; அதன் ஒரு முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து மூடிய ஒரு சிறிய பால் பேரிங். 2005 வரையிலான பல கார்களில் இது ஒற்றை வரிசை பேரிங்காகவே இருந்தது. கார் நீண்ட நாள் நின்றாலும், எப்போதாவது சில நிமிடங்கள் மட்டும் ஸ்டார்ட் செய்து அணைக்கப்பட்டாலும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து, அந்த ஆயில் பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன்பின் பழுது பார்ப்பதற்கு ஏதும் மிஞ்சாது, இன்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும். நல்ல வேளையாக, 2004 மாதிரியில் இந்த பேரிங்கை இன்ஜினைப் பிரிக்காமலே, கியர்பாக்ஸை இறக்கி மாற்றிவிடலாம். எனவே கிளட்ச், ஃப்ளைவீல், பின்புற ஆயில் சீல், பேரிங் ஆகிய நான்கையும் ஒரே முறையில் பார்த்துவிடுவதுதான் சிக்கனம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை இரண்டு முறை கொடுக்கத் தேவையில்லை. இந்த வேலையை வருங்காலப் பழுதாகக் கருதாமல், காரின் விலையோடு இன்றே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் தாள் மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னும் இரும்புத் துகளோ கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கோ தென்பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். இன்ஜின் கணினி, தான் ஓடிய மொத்த மணி நேரத்தையும் அளவு மீறிச் சுழற்றப்பட்ட தருணங்களையும் பதிந்து வைத்திருக்கும். 28,000 கிலோமீட்டருக்கு 3,000 மணி நேரம் என்று அது சொன்னால், சராசரி வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர் என்றாகிறது. சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் அந்த மீட்டரை நம்ப முடியாது.

அந்த அடித்தளத்தில் 2022 செப்டம்பர் மழையின்போது தண்ணீர் புகுந்ததா என்பதைக் காவலாளியிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ விசாரியுங்கள். பெல்லந்தூர்ப் பகுதியில் இது தவிர்க்கக்கூடாத கேள்வி. வெள்ளம் வராவிட்டாலும், துணிக்கூரையின் வடிகால் துளைகள் இலைதழையால் அடைத்துக்கொண்டால், கார் கழுவிய நீரே இருக்கைக்கு அடியிலுள்ள, சரியான சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பெட்டியை நனைத்துவிடும். அந்தப் பெட்டி கெட்டால் சாவி கையில் இருந்தும் கார் கிளம்பாது. முன்பம்பருக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள ரேடியேட்டர்களிலும் ஏ.சி. கண்டென்சர்களிலும் இதே போலக் குப்பை சேர்ந்து அரிப்பு உண்டாகும்.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயதுக்கு நான்கையும் மாற்றியாக வேண்டும். பிரேக் ஆயில், கூலண்ட், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றையும் அதேபோல மாற்ற வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத கார் இது என்பதால், எரிபொருள் குழாய்களையும் பம்ப்பையும் தனியே சோதிக்க வேண்டும். ஜே.சி. ரோட்டில் நமக்கு எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களில் இந்தக் காருக்கானவை மிகக் குறைவு. பெரும்பாலானவற்றை வெளிநாட்டிலிருந்து சுங்கவரி செலுத்தியே வரவழைக்க நேரும்.

இனி ஆவணங்கள். பலரும் கடைசியில் பார்க்கும் இதை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். 2004இல் பதிவான காருக்கு ஆர்.சி. என்ற பதிவுச் சான்றின் 15 ஆண்டுக் காலம் 2019இலேயே முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறார்களா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு 2025 ஆகஸ்ட் விதிப்படி புதுப்பிப்புக் கட்டணம் 80,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. மேலும், வெளிமாநில வாகனம் 12 மாதங்களுக்கு மேல் இங்கு இருந்தால் கர்நாடகப் பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அப்போது கர்நாடகத்தின் ஆயுள்கால வரியும் சேரும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 18 சதவீதம் என்ற விகிதத்தில், காரின் வயதுக்கேற்பக் குறைத்து வாங்குவார்கள். கவனிக்க வேண்டியது, இந்த வரி நீங்கள் கொடுக்கும் 11 லட்சத்தின் மீதல்ல, கார் புதிதாக விற்ற விலையின் மீது கணக்கிடப்படுகிறது. விண்டேஜ் சலுகையும் பொருந்தாது. அதற்கு 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும்.

ஆகவே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பதிவை மாற்றத் தேவையான என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்காகக் காத்திருக்காதீர்கள். பழைய கடன் பதிவு நீக்கம், நிலுவை அபராதங்கள், மகாராஷ்டிர என்.ஓ.சி. ஆகியவை விற்பவரின் பொறுப்பு என்று எழுதிக்கொண்டு, சிறு முன்பணம் மட்டும் கொடுங்கள். என் கணிப்பில், 11 லட்சத்துக்கு நிகரான இன்னொரு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர் இந்தக் காரைத் தொடக்கூடாது. ஒதுக்க முடிந்தும் விற்பவர் ஃபில்டரைத் திறந்து காட்ட மறுத்தால், 2009 மாதிரி ஆண்டிலிருந்து வந்த பாக்ஸ்டரைத் தேடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அந்த இன்ஜினில் இடைநிலை ஷாஃப்டும் இல்லை, அந்த பேரிங்கும் இல்லை.