மொழிபெயர்க்க வந்தவர் கணவருக்குத் தெரிந்தவர் என்றால்

வெளிநாட்டில் கணவரின் வன்முறை பற்றிப் பெண்கள் உதவி மையத்திடம் பேசும்போது இப்படி நேர்ந்தால், மொழிபெயர்க்க வேறு ஆளைத் தாராளமாகக் கேட்கலாம். "வெளியூர்ப் பெண் வேண்டும், போனில் மட்டும், என் பெயரை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம்" என்று உதவி மையத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவரை அனுப்புவது சுலபம் என்பதால்தான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. நம் ஆட்கள் கொஞ்சப் பேரே இருக்கும் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான்.

பெயர் சொல்லாமல் ஒருமுறை அழைத்து, "நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் வேறு மையம் பாருங்கள்.

ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்றால் பல நாடுகளில் மையத்தினர் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். அப்புறம், கணவர் பில் பார்க்கும் போனில் பேசாதீர்கள், நம்பர் அதில் வரலாம். அவர் கை ஓங்கினால் மையத்துக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே போலீஸ் அவசர எண்ணை அழையுங்கள்.