40 கோரிக்கைகளில் எதை முதலில் வைப்பது?

கும்பகோணத்தில் உங்கள் வார்டின் பகுதி சபைக்கு, அதாவது அப்பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, 40 கோரிக்கைகள் வந்து, எது முதலில் என்று சண்டையே மூண்டதாக எழுதியிருந்தீர்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள்; உரக்கப் பேசுபவர்களே ஜெயிப்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, கோரிக்கை எழுதி ஒட்டிய கிண்ணங்களில் போடச் சொன்னோம். கூட்டத்தில் வாயே திறக்காத பாட்டி ஒருவர் மூன்றையும் சாக்கடைக் கிண்ணத்தில் போட்டார். அவர் வாசலில் ஒவ்வொரு மழைக்கும் முழங்காலளவு தண்ணீர் நிற்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது!

'வடிகால் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், 'அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்தத் தெரு வடிகாலைத் தூர்வார வேண்டும்' என்று எழுதுங்கள். 2028 மகாமகத் திருவிழாப் பணிகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். கலந்தால் தெருச் சாக்கடைதான் பின்னுக்குப் போகும். கவுன்சிலரிடம் கொடுக்கும்போது நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.