போத்தின் வாங்கியதும் விற்றதும்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினின் சான்டான்டர் வங்கித் தலைவராக இருந்த எமிலியோ போத்தினை ‘விலை தெரிந்தவர்’ என்று எழுதியிருந்தீர்கள். 2007-ல் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோ வங்கியை ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ஃபோர்டிஸ், சான்டான்டர் ஆகிய மூன்று வங்கிகளும் சேர்ந்து வாங்கின. மறு வருடமே முதல் இரண்டும் அரசாங்கத்திடம் கையேந்தின. போத்தின் தப்பியது வெறும் அதிர்ஷ்டம்தானே?

கே., கோவை

அன்புள்ள கே.,

அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் யார் எந்தத் துண்டை எடுத்தார்கள், பணத்தை எப்படிப் புரட்டினார்கள் என்று பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்துவிடும்.

மொத்த விலை சுமார் 7,100 கோடி யூரோ, பெரும்பகுதி ரொக்கம். ஸ்காட்லாந்து வங்கி எடுத்தது பெரிய நிறுவனங்களுக்கான கடன், சந்தை வர்த்தகம், ஆசியக் கிளைகள். (இந்தியாவிலிருந்த ஏபிஎன் ஆம்ரோ கிளைகள் பெயர் மாறியது இதனால்தான்.) அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி நேராகத் தாக்கிய இடம் அது. அந்த வங்கியின் சொந்த மூலதனமும் மெலிந்திருந்தது. குறுகிய காலக் கடனில்தான் வண்டி ஓடியது. ஃபோர்டிஸ் தன் சக்திக்கு மீறி நெதர்லாந்துக் கிளைகளை எடுத்தது. 1,300 கோடி யூரோவுக்குப் புதுப் பங்குகள் விற்றும் போதவில்லை.

போத்தினுக்கு வந்தவை பிரேசிலின் பாங்கோ ரியால், இத்தாலியின் அன்டோன்வெனேட்டா. அவர் பங்குக்குச் சுமார் 2,000 கோடி. பிரேசில் வங்கி உள்ளூர் மக்களின் டெபாசிட்டை வாங்கி உள்ளூரிலேயே கடன் கொடுப்பது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். இத்தாலிய வங்கி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2007 நவம்பர் 8-ல் அதை இத்தாலியின் சியேனா நகரத்து மொன்டே தெய் பாஸ்கி வங்கிக்கு 900 கோடிக்குப் பேசி முடித்துவிட்டார். அவர் கணக்கில் அதன் மதிப்பு 660 கோடி. வாங்கியவர்கள் அந்தச் சுமையிலிருந்து பல வருடங்கள் மீளவில்லை; 2017-ல் இத்தாலிய அரசுதான் தூக்கி நிறுத்தியது. 2008 தொடக்கத்தில் மாட்ரிட் அருகே இருந்த தலைமை அலுவலக வளாகத்தையும் 190 கோடிக்கு விற்று, அதே இடத்தை 40 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நெருக்கடி முற்றுமுன் இவை முடிந்துவிட்டன.

‘விலை தெரிந்தவர்’ என்றால் மலிவாக வாங்குபவர் என்று பொருளில்லை. 1993 டிசம்பரில் ஸ்பெயின் மத்திய வங்கி, பானெஸ்டோ என்ற வங்கியின் தலைவர் மாரியோ கோந்தேயை நீக்கி அந்த வங்கியைத் தன் கையில் எடுத்தது. 1994 ஏப்ரலில் மூடிய உறையில் ஏலம். போட்டி வங்கிகளில் அர்ஜென்டாரியா ஒரு பங்குக்கு 566 பெசெட்டா (ஸ்பெயினின் அன்றைய நாணயம்) எழுதியது, பிபிவி 667. போத்தின் எழுதியது 762. அடுத்தவரைவிட 95 அதிகம்! ஆனால் அந்த உறைதான் சான்டான்டரை ஸ்பெயினின் முதல் வங்கியாக்கியது. வேண்டியதற்குக் கூடுதலாகக் கொடுப்பார், வேண்டாததை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத பக்கம் ஒன்று உண்டு. ஏபிஎன் ஆம்ரோவுக்கான பணத்தில் 700 கோடி யூரோ ‘வலோரெஸ் சான்டான்டர்’ என்ற பத்திரங்கள் மூலம் வந்தது. ஒரு பத்திரம் 5,000 யூரோ. வங்கியின் சொந்தக் கிளைகளிலேயே சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றார்கள். முதல் வருடம் 7.3 விழுக்காடு வட்டி என்றதும் டெபாசிட் போல நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். உண்மையில் அது கட்டாயமாகப் பங்காக மாறும் பத்திரம். மாறும் விலையை அப்போதைய சந்தை விலையைவிட 16 விழுக்காடு மேலே, 16.04 யூரோ என்று நிர்ணயித்திருந்தார்கள். பின்னர் அது 12.96 ஆகச் சரிசெய்யப்பட்டது. 2012 அக்டோபரில் 5,000 யூரோவுக்குச் சுமார் 385 பங்குகள் வந்தன. சந்தையில் அவற்றின் மதிப்பு போட்ட பணத்தில் பாதிகூட இல்லை. இடையில் வட்டி கிடைத்தது உண்மைதான், ஆனால் இழப்பை அது ஈடுகட்டவில்லை. விற்ற விதத்துக்காக ஸ்பெயினின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2014-ல் 1.69 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வருடம் செப்டம்பரில் போத்தின் காலமானார்.